முன்கூடத்தை விற்காதீர்கள்: அமெரிக்க அஞ்சல் சேவையின் ஆளுநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1900க்கும் 1940க்கும் இடையே அமெரிக்க அரசு கட்டிய அஞ்சலகங்களில் இன்னும் உங்கள் உடைமையாக இருப்பவற்றை, தபால் பிரிக்கும் பின்புற வேலைக்கூடம் காலியாகிவிட்டது என்பதற்காக முழுக் கட்டடமாக விற்றுவிடாதீர்கள். பின்பக்கத்தை வாடகைக்கு விடுங்கள். மக்கள் வந்து நிற்கும் முன்கூடமும் கவுன்ட்டரும் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அந்தக் கட்டடங்களின் அமைப்பே இதற்கு இடம் தருகிறது. அதைக் காட்டத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கட்டடப் பொறியாளன். பழைய செங்கல், கல் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் அஞ்சலகம் ஒன்று விற்பனைக்கு வரும்போது ஊரில் பொதுக்கூட்டம் நடக்கிறது. அந்தக் கூட்டங்களுக்கு நம்மவர்கள் வருவதில்லை. பிள்ளைகளின் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கும், ஊருக்குப் பார்சல் அனுப்பவும் அதே படிகளில் ஏறி இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் இந்த நாட்டில் ஏராளம். அவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போகவேண்டும். உங்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலப் பிரதியும் அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். இந்தக் கட்டடங்களை அஞ்சல் துறை கட்டவில்லை. 1850களிலிருந்து 1939 வரை கருவூலத் துறைக்குள் ஒரு வரைபட அலுவலகம் இயங்கியது. அதன் தலைவருக்கு மேற்பார்வைக் கட்டடக் கலைஞர் என்று பதவிப் பெயர். நாடாளுமன்றம் ஓர் ஊருக்குக் கட்டடம் ஒதுக்கினால் கருவூல அதிகாரி அந்த ஊருக்குப் போய் மனை பார்ப்பார்; வாஷிங்டனில் படம் வரைவார்கள்; ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள்; வேலை நடக்கும் இடத்தில் அரசின் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்து ஒவ்வொரு கல்லையும் பார்த்து ஏற்பார். வேலை நடந்த ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் படங்களும் வரைபடங்களும் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் 121ஆம் தொகுப்பில் இருக்கின்றன. ஒரு சிற்றூரின் அஸ்திவாரக் குழிக்குள் கோட்டும் தொப்பியுமாக நிற்கும் மேற்பார்வையாளரை அங்கே பார்க்கலாம். தனியார் கட்டடம் எதற்கும் இப்படி ஒரு முழு வரலாறு கிடைப்பது அரிது.

1897ல் ஜேம்ஸ் நாக்ஸ் டெய்லர் அந்தப் பதவிக்கு வந்தார். அதற்கு முன்பு ஒவ்வொரு தலைவரும் தம் விருப்பப்படி ஒரு பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தின் கடைசிப் பெரும் சாட்சி வாஷிங்டன் பென்சில்வேனியா அவென்யூவில் நிற்கிறது: கரடுமுரடான கிரானைட், 315 அடி உயர மணிக்கூண்டு, 1899ல் முடிந்த பழைய அஞ்சலகம். முடிந்த நாளிலேயே அது காலாவதியான பாணி என்று பேச்சு எழுந்தது. 1893ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் வெள்ளைத் தூண்களைப் பார்த்து வந்த தலைமுறைக்கு அந்தக் கோட்டைத் தோற்றம் பிடிக்கவில்லை. 1901ல் டெய்லர் தம் அலுவலகத்தின் முடிவை அறிவித்தார்: இயன்றவரை எல்லா அரசுக் கட்டடங்களும் இனி செவ்வியல் பாணியில்தான். கிரேக்கமும் ரோமும், அவற்றிலிருந்து கிளைத்த இத்தாலிய மறுமலர்ச்சியும், அமெரிக்கக் குடியேற்றக் காலத்துச் செங்கல் வீட்டு முறையும் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவின.

இதை வெறும் அலங்கார ஆசை என்று சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். ஒரு சிற்றூர்க்காரருக்கு அமெரிக்க ஒன்றிய அரசின் முகம் எது என்று அன்று கேட்டால் அஞ்சலகத்தைத்தான் காட்டியிருப்பார். ராணுவ முகாமோ நீதிமன்றமோ எல்லா ஊருக்கும் வராது, அஞ்சலகம் வரும். அந்த முகம் மதிப்பானதாக இருக்கவேண்டும், பெருநகரத்துக்காரருக்குக் கிடைக்கும் பளிங்கு சிற்றூர்க்காரருக்கும் கிடைக்கவேண்டும் என்று ஓர் அரசு தீர்மானித்தது. 1902, 1906, 1908, 1910, 1913 என்று அடுத்தடுத்து வந்த பொதுக் கட்டடச் சட்டங்களில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இடம்பெற்றன. அதில் அரசியலும் இருந்தது. தம் தொகுதிக்கு ஒரு கட்டடம் கொண்டுவருவது உறுப்பினர்களுக்கு வாக்கு. அதனால்தான் 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வரம்பு வைத்தது. ஆண்டுக்கு 10,000 டாலர் வருவாய் இல்லாத அஞ்சலகத்துக்குப் புதிய கட்டடம் கிடையாது.

1915ல் கருவூலச் செயலர் வில்லியம் மெக்கடூ இன்னும் இறுக்கிப் பிடித்தார். கட்டடங்களை நான்கு வகுப்பாகப் பிரித்தார். ஆண்டு அஞ்சல் வருவாய் 8,00,000 டாலருக்கு மேல் போகும் நகரத்தின் முக்கியத் தெருவுக்குப் பளிங்கோ கிரானைட்டோ போர்த்திய முதல் வகுப்பு. 60,000 டாலரிலிருந்து தொடங்கும் அடுத்த வகுப்புக்குச் சுண்ணாம்புக்கல் அல்லது மணற்கல். 15,000 டாலரிலிருந்து செங்கல் முகப்பு, கல்லிலோ சுடுமண்ணிலோ விளிம்பு வேலை. அதற்கும் கீழே உள்ள சிற்றூருக்கு, ஒரு வியாபாரி தன் பணத்தைப் போட்டுக் கட்டினால் எப்படிக் கட்டுவாரோ அப்படி ஒன்று. ஒரே அளவு, ஒரே வரைபடம், ஊருக்கு ஊர் சிறு மாறுதல் என்ற முறை அப்போது உறுதிப்பட்டது. இந்தச் சிக்கனத்தைப் பலர் கலைக்கு நேர்ந்த நஷ்டமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது நல்ல பொறியியலாகத்தான் தெரிகிறது. கடைசி வகுப்புக் கட்டடத்தில்கூட சுவர் கனமானது, ஜன்னல் உயரமானது, முன்கூடத்தில் மொசைக் தரை. கழிக்கக்கூடியதைக் கழித்து, கழிக்கக்கூடாததை விட்டுவைத்திருக்கிறார்கள்.

இனி அந்தக் கட்டடத்துக்குள் வாருங்கள். நீங்கள் பலமுறை நுழைந்திருப்பீர்கள். ஆனால் சொத்துப் பட்டியலில் சதுர அடியாக மட்டும் பார்க்கும்போது இது கண்ணில் படாது.

தெருமட்டத்திலிருந்து கிரானைட் படிகள் ஏறுகின்றன, ஏனென்றால் கீழே பாதி மண்ணுக்கு மேலே தெரியும் அடித்தளம் இருக்கிறது. கொதிகலன், நிலக்கரி அறை, ஊழியர்கள் இளைப்பாறும் அறை எல்லாம் அங்கே. படி முடிந்ததும் மரமும் கண்ணாடியுமாக ஒரு சிறு கூண்டு அறை. டிசம்பர் மாதக் காற்று உள்ளே பாயாமல் தடுப்பது அதன் வேலை. அதைத் தாண்டினால் முன்கூடம். கட்டடத்தின் அகலம் முழுக்க நீண்டு கிடக்கும், ஆழம் குறைவு. ஒரு கோடியில் போஸ்ட்மாஸ்டரின் அறையும் இரும்புப் பெட்டகமும். மறு கோடியில் மணியார்டரும் பதிவுத் தபாலும். நுழைபவருக்கு எதிரே, சுவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரை: மரச் சட்டம் அல்லது வெண்கலம், மங்கலான கண்ணாடி, கம்பி போட்ட ஜன்னல்கள், வரிசை வரிசையாகப் பூட்டுப் பெட்டிகள். அந்தத் திரைக்குப் பின்னால் வேலைக்கூடம். எஃகுச் சட்டங்கள் கூரையைத் தாங்குவதால் நடுவில் தூண்கள் மிகக் குறைவு. வெளிச்சம் மேலிருந்து, கூரைச் சாளரம் வழியாக வருகிறது. கடிதத்தின் முகவரியை நாள் முழுதும் படிக்கும் கண்களுக்காகச் செய்த ஏற்பாடு. அதற்கும் பின்னால், கட்டடத்தின் முதுகில், தபால் மூட்டைகளை ஏற்றி இறக்கும் மேடை. அதற்குத் தனி வாசல், தனிப் பாதை.

இங்கேதான் என் வாதத்தின் அடிப்படை இருக்கிறது. பொதுமக்கள் நிற்கும் இடமும் ஊழியர் வேலை செய்யும் இடமும் தொடக்கத்திலிருந்தே இரண்டு வெவ்வேறு கட்டடங்கள் போலத்தான் வரையப்பட்டன. இரண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி வெளிச்சம், பெரும்பாலும் தனித்தனிக் கூரை உயரம். நடுவே இருப்பது சுமை தாங்காத ஒரு திரை. ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுப்பதற்கு இதைவிட வசதியான பழைய கட்டட வகையை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பல அஞ்சலகங்களில் வேலைக்கூடத்தின் கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு குறுகலான இருட்டு நடைபாதை தொங்குகிறது. அஞ்சல் ஆய்வாளர் யாருக்கும் தெரியாமல் தனி வழியாக ஏறிப்போய், சிறு பிளவுகள் வழியே கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடித உறையிலிருந்து பணம் எடுப்பவரைப் பிடிக்க இந்த ஏற்பாடு. இன்று கேமரா வந்துவிட்டதால் அவை பூட்டிக் கிடக்கின்றன. பிறர் பணத்தையும் பிறர் ரகசியத்தையும் காப்பதை ஓர் அரசு எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டது என்பதைக் கட்டடமே சொல்லும் இடம் அது. வாடகைக்கு விடும்போது அதை இடித்து எறிய அனுமதிக்காதீர்கள்.

வேலைக்கூடம் ஏன் அவ்வளவு பெரியது என்பதற்கும் காரணம் உண்டு. 1896ல் கிராமங்களுக்கு வீட்டு வாசலிலேயே இலவசத் தபால் பட்டுவாடா தொடங்கியது. 1911ல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. 1913 ஜனவரி 1 முதல் பார்சல் சேவை. கடிதம் மட்டும் வந்த மேடைக்குப் பெட்டியும் கூடையும் முட்டையும் வரத் தொடங்கின. 1916ல் யூட்டா மாநிலத்தின் வெர்னல் ஊரில் ஒரு வங்கி கட்ட, சால்ட் லேக் சிட்டியிலிருந்து செங்கற்களைப் பார்சலாகவே அனுப்பி முடித்தார்கள். சரக்கு வண்டியைவிடத் தபால் மலிவு. அதன்பிறகுதான் ஒருவர் ஒரு நாளில் அனுப்பும் எடைக்கு அஞ்சல் துறை வரம்பு விதித்தது. அந்த வங்கிக் கட்டடம் இன்றும் வெர்னலில் நிற்கிறது. வேலைக்கூடத்தின் அகலத்தை நினைக்கும்போது எனக்கு அந்தச் செங்கல் மூட்டைகள்தான் கண்முன் வரும்.

கட்டிய உறுதியைப் பற்றி ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். சான் பிரான்சிஸ்கோவில் ஏழாம் தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கும் இடத்தில் டெய்லர் அலுவலகம் கட்டிய அஞ்சலகமும் நீதிமன்றமும் 1905ல் திறக்கப்பட்டன. 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் சுற்றியிருந்த மண் இறங்கியது, நடைபாதை பிளந்தது, கட்டடம் நின்றது. பின்னாலேயே தீ வந்தபோது வெளியேறச் சொல்லியும் போகாத ஊழியர்கள் சிலர் தபால் மூட்டைகளைத் தண்ணீரில் நனைத்து உள்ளே நுழைந்த தீயை அடித்து அணைத்தார்கள். வெகு விரைவில் தபால் போகத் தொடங்கியது. எரிந்த நகரத்தின் மக்கள் கிடைத்த காகிதத் துண்டிலும் சட்டைக் கழுத்துப்பட்டியிலும் எழுதிப் போட்ட சேதிகளை, தபால்தலை இல்லாமலே ஏற்று அனுப்பினார்கள். 1989 நிலநடுக்கத்தில் அந்தக் கட்டடம் மறுபடி அடிபட்டது. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே அதிர்வைத் தடுக்கும் தாங்கிகள் வைத்து மீட்டார்கள். இன்றும் மேல்முறையீட்டு நீதிமன்றமாக இயங்குகிறது. பழைய கட்டடம், நிலநடுக்கப் பகுதி, செலவு தாங்காது என்ற பேச்சு உங்கள் கோப்பில் வரும்போதெல்லாம் அந்த இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இந்தக் கட்டடங்களைப் புகழும்போது ஒரு கறையை மறைத்துவிட்டுப் போக முடியாது. எல்லாருக்கும் ஒரே வாசல் என்று அந்தத் தூண்கள் சொன்ன அதே ஆண்டுகளில், 1913ல், போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆல்பர்ட் பர்ல்சன் தம் துறையில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து வைக்கத் தொடங்கினார். நான் மேலே பாராட்டிய மெக்கடூவின் கருவூலத் துறையிலும் அதுவே நடந்தது. வேலைக்கூடத்தில் மறைப்புத் தட்டிகள் வந்தன, சாப்பிடும் இடங்கள் பிரிந்தன, பதவிகள் பறிபோயின. அப்படியிருந்தும் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு நடுத்தர வாழ்க்கையின் முதல் படியாக அஞ்சல் வேலைதான் இருந்தது. இரண்டும் நடந்தது அதே கூடத்தில். அதனால்தான் அந்தக் கூடம் தனியார் உணவகத்தின் சமையலறையாக மாறி, அதன் கதை சொல்ல ஒரு பலகைகூட இல்லாமல் போவது எனக்கு வலிக்கிறது.

1930களுக்கு வருகிறேன். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை தர, ஒரே பத்தாண்டில் 1,100க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் எழுந்தன. லூயி சைமன் அப்போது மேற்பார்வைக் கட்டடக் கலைஞர். தூண்கள் சுவருக்குள் ஒடுங்கின, அலங்காரம் குறைந்தது, செங்கல் முகமே போதும் என்றானது. அதற்குப் பதிலாக உள்ளே ஓவியம் வந்தது. கருவூலத் துறையின் ஓவிய சிற்பப் பிரிவு 1934 முதல் 1943 வரை இயங்கி, கட்டடச் செலவில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தை ஒதுக்கி, பெயர் மறைத்த போட்டிகள் நடத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களையும் சிற்பங்களையும் அஞ்சலகங்களில் வைத்தது. பலர் இதை வேலை நிவாரணத் திட்டத்தின் ஓவியங்கள் என்று தவறாகச் சொல்கிறார்கள். அது வேறு திட்டம். இவை திறமை பார்த்துத் தேர்ந்தவை. பெரும்பாலும் போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே, நீளவாக்கில். கியூவில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கவேண்டும் என்பதற்காகவே அந்த இடம். எல்லாம் நல்ல ஓவியங்கள் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் பூர்வகுடிகளையும் கறுப்பினத்தவரையும் காட்டியிருக்கும் விதம் இன்று பார்க்கக் கூசுகிறது. அவற்றுக்குப் பக்கத்தில் விளக்கப் பலகை வைப்பதே முறை. மூடி வைத்தால் அந்தக் கூச்சத்தைப் பேசவே வழியில்லாமல் போகும்.

உங்கள் நிறுவனம் செய்த இரண்டு விற்பனைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். கலிஃபோர்னியாவின் வெனிஸ் ஊரில் 1939ல் கட்டிய அஞ்சலகம் 2012ல் விற்கப்பட்டது. கவுன்ட்டர் தெருவைக் கடந்து தபால்காரர்களின் துணைக் கட்டடத்துக்குப் போனது. நியூயார்க் பிராங்ஸின் தலைமை அஞ்சலகம் 2014ல் விற்கப்பட்டது. அதன் உள்ளே பென் ஷானும் பெர்னார்டா பிரைசனும் 1930களின் இறுதியில் வரைந்த 13 சுவரோவியங்கள்: பருத்தி பறிப்பவர், நெசவாலைத் தொழிலாளி, எஃகு வேலை செய்பவர், தொழிலாளர் கூட்டத்தின் முன் நிற்கும் கவிஞர் வால்ட் விட்மன். ஓவியம் உங்கள் உடைமை, சுவர் வேறொருவர் உடைமை என்ற விசித்திர நிலை இதிலிருந்து பிறந்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். பிராங்ஸில் வாழும் ஒரு குழந்தை தபால்தலை வாங்க வந்து அந்த எஃகுத் தொழிலாளியை நிமிர்ந்து பார்ப்பது நின்றுபோனதை எந்த ஒப்பந்த நிபந்தனை ஈடுசெய்யும்?

2012ல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆபத்தில் இருக்கும் 11 இடங்கள் என்ற பட்டியலில் நாடு முழுதுமுள்ள வரலாற்று அஞ்சலகங்களையே சேர்த்தது. 2014ல் வரலாற்றுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், உங்கள் நடைமுறைகள் சரியாகும்வரை விற்பனைகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் இன்னும் ஒருபடி மேலே போனது. அங்கே 1914-15ல், மேற்பார்வைக் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் வெண்டரோத் காலத்தில் எழுந்த அஞ்சலகம், இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி கட்டிய அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் வளைவு வரிசையைப் பின்பற்றியது. 2012ல் விற்கும் திட்டம் வந்ததும் ஊரே எழுந்தது. 2014ல் அந்தப் பகுதியில் பொதுப் பயன்பாட்டுக் கட்டடங்கள் மட்டுமே இருக்கலாம் என்று மாநகராட்சி விதி போட்டது. நீங்கள் நீதிமன்றம் போனீர்கள். 2018ல் நகரத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்த வளைவுகளின் கீழே இன்றும் தபால் நடக்கிறது. வழக்குக்குப் போன பணத்தில் அந்தக் கூரையில் எவ்வளவு பழுது பார்த்திருக்கலாம்!

உங்கள் பக்கத்து நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. 2006ல் 21,300 கோடி தபால்கள் கையாண்ட நிறுவனம் இன்று அதில் ஏறக்குறைய பாதியைத்தான் கையாள்கிறது. வரிப்பணம் உங்கள் அன்றாடச் செலவுக்கு வருவதில்லை. 2022 முதல் தபால்காரர்களை ஊர் அஞ்சலகங்களிலிருந்து பெரிய பிரிப்பு மையங்களுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறீர்கள். இந்தக் கடைசி மாற்றம்தான் என்னை இந்த மடலை இப்போது எழுத வைத்தது. தபால்காரர்கள் போய்விட்டால் வேலைக்கூடம் வெறிச்சோடும். வெறிச்சோடிய கூடம் சொத்துக் கணக்கில் தேவைக்கு மிஞ்சிய இடமாகும். பிறகு கட்டடமே மிஞ்சியதாகிவிடும். ஊரின் நடுவில், முதன்மைத் தெருவில், நாற்புறமும் திறந்தவெளியோடு இருக்கும் மனை. வாங்க ஆள் வரிசையில் நிற்கும். அந்தத் திறந்தவெளிகூட தற்செயலானதல்ல. பக்கத்துக் கட்டடத்தின் தீ பரவாதிருக்க 40 அடி இடம் விடவேண்டும் என்று அந்தக் காலக் கட்டடச் சட்டங்களிலேயே எழுதியிருந்தார்கள்.

ஆனால் முழு விற்பனைதான் ஒரே வழி என்பதை உங்கள் சொந்த அனுபவமே மறுக்கிறது. நாஷ்வில்லில் மார், ஹோல்மன் கட்டடக்கலை நிறுவனம் வரைந்து 1934ல் எழுந்த தலைமை அஞ்சலகம் 2001ல் கலை அருங்காட்சியகமாகத் திறந்தது. பிரிப்புக்கூடங்கள் காட்சிக்கூடங்கள் ஆயின. அதே கட்டடத்தில் ஓர் அஞ்சலகக் கிளையும் தொடர்ந்து நடந்தது. நியூயார்க்கில் மெக்கிம், மீட், வைட் நிறுவனம் வரைந்து 1914ல் திறந்த ஃபார்லி கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது அவென்யூ முகப்பில் இருபது கொரிந்தியத் தூண்கள். மேலே, பனியும் மழையும் வெயிலும் இரவிருளும் தூதரைத் தடுக்காது என்ற, பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் வரி. தடத்துக்கு மேலேயே கட்டியதால் ரயிலிலிருந்து தபால் நேராக மேலே ஏறி வந்தது. எதிரே இருந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963ல் இடிக்கத் தொடங்கியபோது நகரமே அழுதது. பிழைத்து நின்ற இந்த அஞ்சலகத்தின் பிரிப்புக்கூடம் 2021 ஜனவரி 1 அன்று பயணிகள் கூடமாகத் திறந்தது. பழைய எஃகுச் சட்டங்கள் அப்படியே, அவற்றின் மேல் புதிய கண்ணாடி. தூண் வரிசைக்குப் பின்னால் தபால் கவுன்ட்டர் தன் பழைய முன்கூடத்திலேயே இருக்கிறது. பின்பக்கம் புதிய வாழ்க்கை, முன்பக்கம் பழைய வேலை. நாட்டின் மிக நெரிசலான நகரத்தில் முடிந்தது, ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் ஏன் முடியாது?

அந்தச் சிற்றூரின் பின்கூடத்துக்கு ரயில் நிலையம் வராது என்பது தெரியும். நூலகத்தின் கிளையும், சிறு மருத்துவமனையும், பல தொழிலாளிகள் பகிரும் தச்சுப் பட்டறையும், முதியோர் மதிய உணவுக்கூடமும் வரும். தூண்கள் குறைந்த கூடம், மேலிருந்து வெளிச்சம், பின்னால் லாரி வந்து நிற்க மேடை: இவற்றுக்கு வாடகை கொடுக்க ஆள் இருக்கிறது. உடைமைகளை வாடகைக்கு விடும் அதிகாரம் உங்கள் நிறுவனச் சட்டத்திலேயே உள்ளது. இப்போது பெரும்பாலான அஞ்சலகங்களை நீங்களே பிறரிடம் வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துகிறீர்கள். சொந்தக் கட்டடத்தை விற்றுவிட்டு, வணிக வளாகத்தின் மூலையில் ஓர் அறைக்கு ஆண்டுதோறும் வாடகை கட்டுவது எத்தனை ஆண்டில் விற்பனைத் தொகையைத் தின்றுவிடும் என்று கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கை ஒவ்வொரு விற்பனைக்கும் முன்னால் ஊராருக்குக் காட்டுங்கள்.

படிக்கட்டு பற்றிய மறுப்பு நியாயமானது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தக் கிரானைட் படிகள் ஒரு சுவர். பக்கவாட்டில் சாய்தளம் வைத்துப் பல ஊர்களில் சரிசெய்திருக்கிறார்கள். முகப்பைக் கெடுக்காமல் செய்யலாம், செலவும் மலைக்க வைப்பதல்ல. பராமரிப்பு குறித்து மட்டும் என் தொழில் சார்ந்த ஒரு வேண்டுகோள். பழைய செங்கல் சுவரின் இணைப்புகளைப் பூசும்போது கடினமான போர்ட்லண்ட் சிமெண்டை உங்கள் ஒப்பந்ததாரர்கள் பயன்படுத்த விடாதீர்கள். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தோடு சேர்ந்து மூச்சுவிடப் பழகியவை. சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டுகிறது. குளிர்காலத்தில் அது உறைந்து செங்கல்லின் முகத்தையே உரித்துப் போடுகிறது. சுடுமண் அலங்காரங்களுக்குள்ளே இருக்கும் இரும்புக் கொக்கிகள் துருப்பிடித்து வீங்குவதையும் ஆண்டுக்கொருமுறை பார்க்கவேண்டும். பராமரிக்க முடியவில்லை என்று நீங்கள் சொல்லும் கட்டடங்கள் பலவற்றின் சேதம் தவறான பழுதுபார்ப்பால் வந்தது. நூறு வயது அதற்குக் காரணமல்ல.

ஆகவே நான் கேட்பது இவைதான். பிரிப்பு மையங்களுக்கு ஊழியர்களை மாற்றும் ஊர்களின் பட்டியலில், தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இடம்பெற்ற அல்லது இடம்பெறத் தகுந்த கட்டடங்கள் எவை என்று இந்த ஆண்டே வெளியிடுங்கள். அவற்றில் எதையும் விற்பனைக்குக் கொண்டுவருமுன் வேலைக்கூடத்தை மட்டும் வாடகைக்கு விடும் முயற்சியைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வெளிப்படையாகச் செய்யுங்கள். உள்ளூராட்சிக்கும் பள்ளிகளுக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் முதல் வாய்ப்பு கொடுங்கள். 1966ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு சொல்லும் கலந்தாய்வை, முடிவெடுத்த பிறகு நடத்தாமல், இடமாற்றம் பற்றிய பேச்சு தொடங்கும் நாளிலேயே தொடங்குங்கள். சுவரோவியம் உள்ள இடங்களில், கட்டடம் யார் கைக்குப் போனாலும், வாரத்தில் சில நாட்களாவது மக்கள் கட்டணமின்றி உள்ளே வந்து பார்க்கும் உரிமையை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஏற்கெனவே விற்ற கட்டடங்களில் உங்கள் உடைமையாக இருக்கும் ஓவியங்கள் இப்போது எந்த நிலையில், எப்போது யார் பார்க்கலாம் என்ற விவரத்தையும் வெளியிடுங்கள்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பேசப் பெயர் கொடுக்கவிருக்கிறேன். அதற்கு முன்பே பதில் வந்தால், இந்த மடலைப் படித்தவர்களுக்கு அதையும் தமிழில் எழுதித் தெரிவிப்பேன்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பொறியாளன்